வாறன் என்று சொன்ன முதலீட்டாளர்

தில்லைநாதன் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனிலிருந்து புறப்பட்டது ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நிமிர்த்துவதற்காக அல்ல. ஒரு புகைக்குழாய்க்கு அனுமதி வாங்குவதற்காக. ஆனால் மாலையில் அவர் வீடு திரும்பியபோது இரண்டு காரியத்துக்கும் வழி திறந்திருந்தது. இதில் அவர் செய்த தவறு என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதுகூடத் தவறல்ல, மரியாதை.

முதலில் குழாயைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மனைவி கலாவதி செய்யும் றோல்ஸுக்குச் சூரிச் தமிழர்களிடையே ஒரு பெயர் இருந்தது. மீனும் உருளைக்கிழங்கும் பிரட்டி, மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கும் அந்தப் பண்டம் இல்லாமல் அங்கே ஒரு பிறந்தநாளும் நடப்பதில்லை. லாங்ஸ்ட்ராஸ தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய தமிழ் வீடியோக் கடை பூட்டிக் கிடந்தது. அதை எடுத்து றோல்ஸ் கடை போடுவதென்று இருவரும் முடிவு செய்து பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. கடை இன்னும் பூட்டித்தான் கிடந்தது. காரணம் கடைக்கு அனுமதி கொடுக்கும் அரசாங்கக் கந்தோர். சூரிச்சைச் சுற்றி நல்ல கந்தோர்கள் பல உண்டு. இது அவற்றில் எதுவுமல்ல என்று வைத்துக்கொள்வோம்.

பொரிக்கிற புகை போவதற்குக் கூரைக்கு மேல் ஒன்றரை மீற்றர் உயரத்தில் குழாய் நிற்க வேண்டும் என்றது அந்தக் கந்தோரின் நான்காம் மாடி. கட்டடம் பழமையானது, ஆகவே குழாய் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றது ஐந்தாம் மாடி. இரண்டு மாடிகளும் ஒன்றின்மேல் ஒன்று மிகுந்த மதிப்பு வைத்திருந்தபடியால் ஒன்றின் வேலையில் மற்றது தலையிடுவதில்லை. மூன்றாம் மாடியிலிருந்து மணம் பார்க்கும் நிபுணர் ஒருவரும் வந்தார். கலாவதி பொரித்துக் காட்டிய றோல்ஸின் மணத்தை வாசலில் நின்று மோந்தார். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று மோந்தார். கடைசியில், பக்கத்துக் கடையின் உருகிய சீஸ் மணம் ‘ஊர் வழக்கம்’ என்றும், றோல்ஸ் மணம் ‘ஊர் வழக்கம் அல்ல, ஆனால் இனியது’ என்றும் எழுதினார். ‘இனியது’ என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அறிக்கை அவரிடமே திரும்பிப் போனது. அவர் ஒன்பது றோல்ஸ் சாப்பிட்டது அறிக்கையில் இல்லை.

கடைசி விசாரணை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு. வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி கையில் வராவிட்டால் கடையை நகப்பூச்சுக்காரருக்குக் கொடுத்துவிடுவதாகக் கட்டடத்துக்காரி சொல்லியிருந்தாள்.

மகள் யதுஷா காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்பவள். ‘ப்ரொயெக்ட் றோல்ஸ்’, அதாவது றோல்ஸ் திட்டம், என்று பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டிய கோப்பை அவள்தான் காலையில் தகப்பனின் கையில் கொடுத்தாள்.

“அப்பா, அங்கை போய் ஊர்க்கதை ஒண்டும் கதைக்காதேங்கோ. என்ன கேக்கினமோ அதுக்கு மட்டும் மறுமொழி. சின்னதா. உண்மையா.”

“நான் எப்ப பிள்ளை பொய் சொன்னனான்?”

“பொய் சொல்ல மாட்டியள். நீட்டுவியள்.”

தில்லைநாதன் நீட்டுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, மகன் முறையான பெறாமகனின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். சமையல் அனுபவச் சான்றிதழ் ஒன்று மட்டும் பாக்கி. பத்தொன்பது வருடமாக அவர் வேலை செய்யும் மாநாட்டு மண்டபத்தின் சமையலறையிலிருந்து அதை வாங்க வேண்டும்.

சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த லக்ஷ்மணன் அவரைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடினான்.

“என்னண்ணை, இந்த வயதிலை பொம்பிளை பாக்கவோ போறியள்?”

“விசரன். கந்தோருக்கு.”

“பெரிய குசினிக்காரன் இப்ப சரியான பிஸி. ஏதோ ஒரு நாட்டுக்காரர் வந்திருக்கினம். நீங்கள் முன்னாலை போய் இருங்கோ. சான்றிதழ்க் கடிதத்தை நான் கொண்டுவந்து தாறன்.”

பத்தொன்பது வருடத்தில் தில்லைநாதன் அந்த மண்டபத்தின் முன்பக்கத்தைக் கையில் தட்டு இல்லாமல் பார்த்ததில்லை. அன்று வாசலில் மஞ்சளும் ஊதாவுமாகக் கொடிகள். கொடிகளுக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் அவருடைய கோட்டைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள், கண் கலங்கிவிடுவாள் போலிருந்தது.

“ப்ரொயெக்ட் விஷயமாக வந்தீர்களா?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

கேட்டதற்கு மட்டும் மறுமொழி. “ஓம்,” என்று அவர் தமிழில் தொடங்கி, “யா” என்று முடித்தார்.

அவள் அவருடைய நெஞ்சில் ஓர் அட்டையைக் குத்தி, உள்ளே அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார்த்தினாள். அட்டையில் இருந்த எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரிந்த மூன்று மொழிகளில் எதுவுமல்ல. காத்திருக்கிறவர்களுக்குக் கொடுப்பதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். அது பர்தோவிய மொழி. ‘முதலீட்டாளர்’ என்று எழுதியிருந்தது.

பர்தோவியா கம்யூனிசத்திலிருந்து விடுதலையான ஒரு சிறிய நாடு. அதன் வெளிநாட்டு முதலீட்டுக் கவர்ச்சி அமைச்சு வருடந்தோறும் சூரிச்சில் மாநாடு நடத்தும். அன்று நூறு கதிரை போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினேழு பேர். அவர்களில் ஒன்பது பேர் முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் வக்கீல்கள். ஏழு பேர் அந்த வக்கீல்களுக்கு ஆலோசனை சொல்லுபவர்கள். மிச்சம் தில்லைநாதன்.

மேடைக்குப் பின்னால் பதாகை தொங்கியது: ‘வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பர்தோவியாவால் ஏன் கவரப்படுகிறார்கள்?’

முதலில் பேசியவர் மாநாட்டுக்குத் துணை நிற்கும் சுவிஸ் மன்றத்தின் தலைவர். “நாங்கள் நடுநிலையாளர்கள்,” என்றார். “ஒரு நாட்டில் என்ன ஆட்சி என்று பார்ப்பதில்லை. ஆட்சி மாறாவிட்டால் அதற்குப் பெயர் ஸ்திரம். மாறினால் அதற்குப் பெயர் வாய்ப்பு. இரண்டுக்கும் எங்களிடம் தனித்தனிக் கையேடு இருக்கிறது.”

அடுத்துக் கவர்ச்சி அமைச்சர் மிலோட்டா எழுந்தார். பருத்த, அன்பான மனிதர். ஐந்தாண்டுத் திட்ட அமைச்சாக இருந்த காலத்தில் அதே கட்டடத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பெயர்ப்பலகை மாறியபோதெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொடுத்து மேலே வந்தவர். அவர் பேசப் பேச, பக்கத்தில் நின்ற மெலிந்த பெண் ஜெர்மனில் மொழிபெயர்த்தாள்.

“கவரப்படுவது ஏன் என்ற கேள்வியைப் பதினெட்டு வருடமாக ஆராய்ந்து வருகிறேன். கவரப்பட்டவர் யாராவது கிடைத்தால் அவரிடமே கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன். எங்கள் மக்கள் நன்றாகப் படித்தவர்கள். தலைநகரில் டாக்ஸி ஓட்டுபவர் அணுப் பொறியியலாளர். என் வீட்டு வாசலில் காவல் நிற்பவர் கணிதப் பேராசிரியர். உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு திறமையாகக் கதவு திறக்கப்படுவதில்லை.”

வக்கீல்கள் குறித்துக்கொண்டார்கள்.

“முன்பு எல்லாம் மக்களுக்குச் சொந்தமாக இருந்தது. ஆகவே எதையும் யாரிடம் கேட்பதென்று தெரியாது. அந்தக் குழப்பத்தை ஒழித்துவிட்டோம். இப்போது எல்லாம் என் மைத்துனருக்குச் சொந்தம். எதற்கும் ஒருவரிடம் கதைத்தால் போதும். இதை ஒற்றைச் சாளர முறை என்கிறோம். சாளரம் திங்கள், வியாழன் திறந்திருக்கும். தொழிற்சங்கங்கள் பற்றிப் பலர் கவலைப்படுகிறீர்கள். அவற்றைக் கலைக்கவில்லை, நாங்கள் மனிதாபிமானிகள். பாட்டுக் குழுக்களாக மாற்றிவிட்டோம். கோரிக்கைகளை நான்கு குரலில் பாடுகிறார்கள். கேட்க மிக அருமையாக இருக்கும்.”

தில்லைநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணி. அப்போது லக்ஷ்மணன் வெள்ளை உடையில் முன்வரிசைக்கு வந்து, குனிந்து, இரண்டு கையாலும் ஒரு கடித உறையை நீட்டினான். “இந்தாங்கோண்ணை,” என்று பவ்வியமாகச் சொல்லி, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். மேடையிலிருந்து அமைச்சர் இதைக் கவனித்தார். மண்டபமே எழுந்து வந்து வணங்குகிற இந்த மனிதர் யார்?

பேச்சு முடிந்து கோப்பி வந்ததும் அமைச்சர் ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் “மிகவும் சுவாரசியம்” என்றார்கள். சுவிஸ்காரர் மிகவும் சுவாரசியம் என்றால் வர மாட்டார் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கப் பர்தோவியாவுக்குப் பன்னிரண்டு மாநாடுகள் தேவைப்பட்டிருந்தன. ஆகவே அவர் தில்லைநாதனிடம் வந்தபோது களைத்துப்போயிருந்தார்.

“ஐயா என்ன துறை?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டாள்.

“றோல்ஸ்,” என்றார் தில்லைநாதன்.

பணக்காரர் ஏறும் கார் ஒன்று அந்தப் பெயரில் தொடங்குகிறது. அமைச்சர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“முன்னூறு. தீபாவளி எண்டால் ஆயிரம்.”

“இயந்திரத்திலா?”

“சீச்சீ. கையாலை. மனிசிதான் உருட்டுறவ.”

அமைச்சரும் மொழிபெயர்ப்பாளரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கையால் செய்யப்படுபவைதான் உயர்ந்த ரகம். அதை அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள்.

“எத்தனை தொழிலாளர் தேவைப்படும்?”

“ரெண்டு பேர் காணும்.”

“முன்னூறுக்கு இரண்டு பேர்!” அமைச்சர் கண்ணை மூடித் திறந்தார். “உங்களுக்கு என்ன தடை? எது உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது?”

பதினான்கு மாதத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் தில்லைநாதனிடம் கேட்டதில்லை. அவர் நீட்டாமல் சொன்னார்: “புகைக்குழாய்.”

மணி ஒன்று இருபது. அவர் எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டார். இங்கேதான் அந்த மரியாதை நடந்தது. யாழ்ப்பாணத்தார் ஓரிடத்தை விட்டுப் புறப்படும்போது “போறன்” என்று சொல்லுவதில்லை. அது திரும்பி வராத போக்குக்குரிய சொல். “போட்டு வாறன்” என்பார்கள், மறுபடி அந்தப் படியை மிதிக்கும் எண்ணம் துளியும் இல்லாவிட்டாலும். பல் பிடுங்கியவரிடம்கூட அப்படித்தான் சொல்லிவிட்டு வருவார்கள். தில்லைநாதனும் கைகூப்பி, ஜெர்மனில், சொல்லுக்குச் சொல் சொன்னார்:

“நான் போகிறேன், வருகிறேன்.”

“என்ன சொல்கிறார்?” என்றார் அமைச்சர்.

மொழிபெயர்ப்பாளர் நேர்மையான பெண். “போகிறாராம். வருகிறாராம்.”

“எங்கே வருகிறார்?”

“இடம் சொல்லவில்லை. ஆனால் உங்களைப் பார்த்துத்தான் சொன்னார்.”

பதினெட்டு வருடத்தில் பர்தோவியாவைப் பார்த்து ஒரு மனிதன் வருகிறேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை. அமைச்சர் அவரைக் கட்டிப்பிடித்தார். வக்கீல்கள் கைதட்டினார்கள். கட்டிப்பிடித்த கையை விடுவித்துக்கொண்டு தில்லைநாதன் ட்ராமுக்கு ஓடியபோது அமைச்சரும் மொழிபெயர்ப்பாளரும், கொடி பிடித்த அதிகாரிகள் நால்வரும் பின்னால் ஓடிவந்து அதே ட்ராமில் ஏறினார்கள். கோப்பிக்கும் வாசலுக்கும் இடையில் தொலைந்துபோன முதலீட்டாளர்கள் பலர். இவரைத் தொலைப்பதில்லை என்று அமைச்சு முடிவெடுத்திருந்தது.

“நீங்களும் அந்தப் பக்கமோ?” என்று தில்லைநாதன் உபசாரமாகக் கேட்டார்.

“உங்கள் பக்கம்தான்,” என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

அனுமதிக் கந்தோரின் வாசலில் இலக்கச் சீட்டுக் கொடுக்கும் இயந்திரம் நின்றது. அமைச்சர் அதைத் தடவிப் பார்த்தார். “எங்களிடமும் இப்படி வரிசையும் இலக்கமும் இருந்தன. உங்களைப் போல முன்னேற வேண்டும் என்று ஒழித்துவிட்டோம்,” என்றார். எல்லாரும் ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொண்டு சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்தார்கள்.

சரியாக இரண்டு மணிக்கு அதிகாரி ஸ்பிண்டன் கதவைத் திறந்தார். கொடிகளைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை; கொடி பற்றிய விதி எட்டாம் மாடியைச் சேர்ந்தது. கோப்பை விரித்தார்.

“நான்காம் மாடி குழாய் வேண்டும் என்கிறது. ஐந்தாம் மாடி குழாய் தெரியக்கூடாது என்கிறது. இரண்டையும் நிறைவேற்றினால் இன்றே கையெழுத்திடுகிறேன். நாங்கள் தொழிலுக்கு எதிரிகள் அல்ல. விதிகள் எல்லாருக்கும் சமம். அதனால்தான் ஒருவருக்கும் அனுமதி கொடுக்க முடியாமலிருக்கிறது.”

மொழிபெயர்ப்பாளர் இதை அமைச்சரின் காதில் சொன்னாள். அமைச்சர் மெல்ல எழுந்தார்.

“குழாயா? ஒரு குழாய்க்காகவா இந்த மனிதரை வாங்கில் இருத்தி வைத்திருக்கிறீர்கள்? எங்கள் கிராப்னா நகரத்தில் மட்டும் நாற்பத்தொரு புகைபோக்கிகள். ஒவ்வொன்றும் நூற்றிருபது மீற்றர். மூன்று நாடுகளிலிருந்து பார்த்தாலும் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேலாக ஒன்றிலும் புகை இல்லை. ஐயா, விரும்பிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கை எடுத்துக்கொள்ளுங்கள்!”

அவர் குரல் உடைந்தது. அதிகாரிகளில் ஒருவர் கைக்குட்டை நீட்டினார்.

ஸ்பிண்டன் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தார். “அனுமதி கிடைக்காவிட்டால் நிறுவனத்தை இவருடைய நாட்டுக்குக் கொண்டுபோவீர்களா?”

இல்லை என்பதுதான் உண்மை. தில்லைநாதன் வாயைத் திறந்தார். அமைச்சரின் ஈரமான கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாதவர் தில்லைநாதன்.

“பாப்பம்,” என்றார் ஜெர்மனில்.

சுவிஸ் நாட்டில் பெரிய கொம்பனிகள் நாட்டை விட்டுப் போவதற்கு முந்தைய வாரத்தில் சரியாக அந்தச் சொல்லைத்தான் சொல்லும். ஸ்பிண்டன் தொலைபேசியை எடுத்து ஏழாம் மாடியைக் கூப்பிட்டார்.

ஏழாம் மாடியின் வேலை, நிறுவனங்கள் ஊரை விட்டுப் போகாமல் தடுப்பது. அதற்கு ஊரில் இருக்கும் நிறுவனங்களைத் தெரியாது. போகிறவற்றை மட்டும்தான் தெரியும். அங்கிருந்து அம்மான் என்ற குடும்பப்பெயருடைய அம்மையார் லிஃப்டுக்குக் காத்திராமல் படியால் இறங்கி மூச்சிரைக்க வந்தார்.

“திரு தில்லைநாதன்! இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்கள்?”

“கீழை, இந்த வாங்கிலை,” என்றார் தில்லைநாதன் உண்மையாக.

“உங்களைப் போன்றவர்கள் போனால் இந்த ஊர் என்னாகும்? குழாய் ஒன்றரை மீற்றர் இருக்கட்டும். அதற்கு வானத்தின் நிறம் பூசிவிடுவோம். இங்கே வானம் பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். பிறகு யாருக்குத் தெரியப்போகிறது?” அப்படியே மணம் பற்றிய அறிக்கையை மூன்றாம் மாடியிலிருந்து வரவழைத்து, படிவத்தின் அடியில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து, ‘இனியது’ என்று எழுதி, அதற்குள் சரி போட்டார்.

எல்லாம் நாற்பது நிமிடம். ஸ்பிண்டன் கையெழுத்திட்டார். அமைச்சர் இதைத் தோல்வியாக எடுக்கவில்லை. “கிளை இங்கே, தொழிற்சாலை அங்கே. பெரிய நிறுவனங்கள் அப்படித்தான்,” என்று தன் ஆட்களுக்கு விளக்கினார். வாசலில் தில்லைநாதன் மறுபடியும் கைகூப்பினார். வேறென்ன சொல்ல முடியும்?

“போட்டு வாறன்,” என்றார். அமைச்சர் அதைத் தமிழிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடை திறந்தது. சாம்பல் நிறக் குழாய் வெயில் நாட்களில் நன்றாகத் தெரிந்தது; வெயில் நாட்கள் பற்றி ஒரு மாடியும் முறையிடவில்லை. மாதத்துக்கொரு கடிதம் பர்தோவியாவிலிருந்து வந்தது. உங்களுக்கென்று நூற்றிருபது மீற்றர்ப் புகைபோக்கி ஒன்றுக்கு வெள்ளையடித்திருக்கிறோம். தொழிற்சங்கம் வரவேற்புப் பாட்டுப் பழகுகிறது. யதுஷா வாசித்துச் சொல்லச் சொல்ல, கலாவதிக்கு முகம் கறுத்தது.

“ஏனப்பா, அந்த மனிசனிட்டை வாறன் எண்டு சொன்னனீங்களெல்லோ?” என்று கணவனைக் கேட்டாள்.

“சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னது.”

“மரியாதைக்குச் சொன்னாலும் வாறன் எண்டால் வாறன்தானே. பாவம், காத்துக்கொண்டு இருக்குதுகள்.”

ஒரு நாட்டை ஏமாற்றிவிட்டோமோ என்ற எண்ணம் அன்றிலிருந்து தில்லைநாதனை றோல்ஸ் எண்ணும்போதெல்லாம் இடறிவிட்டது.

அடுத்த வருட மாநாட்டுக்கு வந்த மிலோட்டா, ஒரு மத்தியான வேளையில் முகவரியைத் தேடிப்பிடித்து மொழிபெயர்ப்பாளரோடு கடைக்குள் நுழைந்தார். சுற்றிலும் பார்த்தார். நான்கு கதிரைகள். பழைய வீடியோக் கடையின் தட்டுகளில் சோஸ் போத்தல்கள். கலாவதி றோல்ஸ் வைத்த ஒரு தட்டை அவர் முன்னே வைத்தாள்.

“இதுவா றோல்ஸ்?” என்றார் அமைச்சர்.

“ஓம்,” என்றார் தில்லைநாதன்.

“நாளைக்கு முன்னூறு.”

“இப்ப ஐந்நூறு.”

அமைச்சர் ஒன்றைச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. மூன்றாவதையும் முடித்துவிட்டு விரல்களைத் துடைத்தார். பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அறுபத்திரண்டு கொம்பனிகள் வந்துவிட்டன!” என்றார். “நீங்கள் வருகிறீர்கள் என்று ஒரு ஜெர்மன்காரர் வந்தார். ஜெர்மன்காரர் வந்தார் என்று ஓர் ஒஸ்திரியக்காரர் வந்தார். வரியைப் பற்றி ஒருவர் கேட்கவில்லை. படித்த மக்களைப் பற்றிக் கேட்கவில்லை. யார் யார் வருகிறார்கள் என்று மட்டும்தான் கேட்டார்கள். பதாகையிலிருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, ஐயா. நாளைய பேச்சில் அதைச் சொல்ல முடியாது என்பதுதான் கவலை. இப்போது எல்லாரும் உங்களை எங்கே என்று கேட்கிறார்கள். போயிருக்கிறார், வருகிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.”

தில்லைநாதன் இதைக் கலாவதிக்குச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். அவள் மாவுக் கையை முன்றானையில் துடைத்துவிட்டு யோசித்தாள்.

“இஞ்சேருங்கோ, அவரை ஒண்டு கேளுங்கோ. அந்த அறுபத்திரண்டு கொம்பனிக்காரரும் மத்தியானத்திலை என்ன சாப்பிடுகினம்?”

கேள்வி ஜெர்மனுக்கும், அங்கிருந்து பர்தோவிய மொழிக்கும் போனது. அமைச்சர் சிரிப்பை நிறுத்தினார்.

“முட்டைக்கோவா சூப்,” என்றாள் மொழிபெயர்ப்பாளர். “மைத்துனரின் கன்ரீனில். திங்களும் வியாழனும்.”

கலாவதி வாசலுக்கு வெளியே எட்டி அண்ணாந்து தன்னுடைய ஒன்றரை மீற்றர்ச் சாம்பல் குழாயை ஒருமுறை பார்த்தாள். பதினான்கு மாதம். பிறகு திரும்பி, அமைச்சரின் கண்ணை நேராகப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள். கையை மேலே உயர்த்திக் காட்டியும் கேட்டாள்.

“நீங்கள் தாறன் எண்ட குழாய், நூற்றிருபது மீற்றரோ?”

“ஓம்,” என்றார் அமைச்சர், மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல்.